ஒரே மியூசியத்தைப் பத்து முறை பார்க்கலாம்! வீட்டுக் கம்ப்யூட்டர் தரும் உதவி

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்களிடம், "இப்போது என்ன செய்து கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். படம் பார்க்கிறோம், மின் கட்டணம் கட்டுகிறோம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள் என்பார்கள். மூன்றாவது மாதத்தில் இன்னொரு கேள்வி அவர்களிடமிருந்தே வரும். "வேறு என்னதான் சார் செய்யலாம் இதில்?"

அப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் கொஞ்சம் விநோதமாக இருக்கும். கம்ப்யூட்டரை ஆப் செய்துவிட்டு மியூசியத்துக்குப் போய் வாருங்கள். வந்தபின் மறுபடி ஆன் செய்யுங்கள். அடுத்த மாதம் அதே மியூசியத்துக்கு மறுபடி போங்கள்.

"அதுதான் ஸ்கூல் படிக்கும்போதே பார்த்தாயிற்றே" என்பது அடுத்த வரி. புதுச்சேரிக்காரர்கள் பலர் இதைச் சொல்வார்கள். செயின்ட் லூயி வீதியில், பாரதி பூங்காவை ஒட்டி இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை வரிசையாக அழைத்துச் செல்லப்பட்டிருப்பார்கள். டூப்ளே படுத்ததாகச் சொல்லப்படும் கட்டில், பல்லக்கு, ஆள் தள்ளிக்கொண்டு போகும் பூஸ்-பூஸ் வண்டி, சோழர் காலச் செப்புத் திருமேனிகள். இவ்வளவும் நினைவில் இருக்கும். அரிக்கமேட்டுப் பொருட்கள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகள் மட்டும் யாருக்கும் நினைவில் இருக்காது. உடைந்த சட்டித் துண்டுகளை யார் பார்ப்பார்கள்?

நானும் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன்தான். வரலாற்று மாணவன் அல்லன். ஆனால் அந்த உடைந்த சட்டிகளுக்காகவே அந்த மியூசியத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் அதற்குக் காரணம். அது எப்படி என்று இங்கு பார்க்கலாம்.

அலமாரிக்குள் இருந்த ஜாடிக் கழுத்து

1944-ஆம் ஆண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் அப்போதுதான் பதவி ஏற்றிருந்தார். சென்னை எழும்பூர் மியூசியத்தைப் பார்வையிட வந்தவர், அங்கிருந்த அலமாரி ஒன்றில் ஒரு மண் ஜாடியின் கழுத்தும் கைப்பிடியும் கிடப்பதைக் கண்டார். பார்த்தவுடன் அது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் நிரப்பிக் கப்பலில் ஏற்றுவார்களே, அந்த 'ஆம்போரா' ஜாடி. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது புதுச்சேரி என்று பதில் கிடைத்தது.

புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. வீலர் இங்கு வந்தார். பொது நூலகத்தில் இருந்த காட்சிப் பெட்டிகளை எட்டிப் பார்த்தார். மேலும் பல ஆம்போராத் துண்டுகள், ஒரு ரோமானிய விளக்கின் பகுதி, அவற்றோடு பளபளப்பான சிவப்பு ஓடுகள் சில. இத்தாலியில் இன்று அரெஸ்ஸோ எனப்படும் ஊரில் தயாரான 'அரெட்டைன்' வகை மண்பாண்டங்கள் அவை. அரிக்கமேடு அகழாய்வின் கதை தன்னைப் பொறுத்தவரை இங்குதான் தொடங்கியது என்று பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதினார்.

கவனியுங்கள். அந்தப் பொருட்களை மண்ணிலிருந்து எடுத்தவர் வீலர் இல்லை. 18-ஆம் நூற்றாண்டிலேயே லெ ஜான்டில் என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் அந்த இடிபாடுகளைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். (சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க அத்தனை தூரம் வந்த மனிதர் இவர். 1761-ல் நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். எட்டு ஆண்டு காத்திருந்து 1769-ல் புதுச்சேரியில் தொலைநோக்கியை நிறுத்தினால் மேகம் மறைத்துவிட்டது. அவர் கதையைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.) 1930-களின் இறுதியில் ழூவோ துய்ப்ரேய் என்ற பேராசிரியர் அங்கு கிடைத்த பொருட்களைச் சேகரித்தார். தோண்டியவர்களும் இருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியும் ஆயிற்று. எத்தனையோ பேர் அதைக் கடந்து போயிருப்பார்கள்.

வீலரிடம் இருந்த ஒரே வித்தியாசம், அதே போன்ற ஓடுகளை அவர் முன்பே பார்த்திருந்தார் என்பதுதான். பிரிட்டனில் கேர்லியன், வெருலாமியம் ஆகிய ரோமானிய இடங்களைத் தோண்டியவர் அவர். கண்ணுக்குப் பழகிய பொருள் என்பதால் புதுச்சேரியில் கண்டவுடன் அடையாளம் தெரிந்தது.

அந்தப் பழக்கத்துக்காக வீலர் பல ஆண்டுகள் இங்கிலாந்தில் மண் தோண்ட வேண்டியிருந்தது. உங்களுக்கு மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் போதும். அவர் அளவுக்கு வராது. ஆனால் அந்தப் பெட்டியைச் சும்மா கடந்து போக உங்களால் முடியாது.

தேடுவது எப்படி?

முதலில் ஒரு எச்சரிக்கை. கூகுளில் படங்கள் பகுதியைத் திறந்து தேடினால் ஆயிரக் கணக்கில் படங்கள் வந்து கொட்டும். அவற்றில் பாதிக்குத் தவறான விளக்கம் இருக்கும். எவரோ எடுத்ததை எவரோ ஒட்டியிருப்பார்கள். எனவே மியூசியங்கள் தாமே நடத்தும் தளத்துக்குள் சென்று தேடுவது நல்லது. அங்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிப் பக்கம் இருக்கும். எந்த ஊரில் கிடைத்தது, என்ன காலம், உயரம் எத்தனை சென்டிமீட்டர், மியூசியத்துக்கு எந்த ஆண்டு வந்தது, பொருளின் பதிவு எண் என்ன என எல்லாம் தரப்பட்டிருக்கும்.

நான் அதிகம் பயன்படுத்துவது மூன்று தளங்கள். நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017-ல், காப்புரிமைக் காலம் முடிந்த தன் பொருட்களின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அப்போதே மூன்றே முக்கால் லட்சம் படங்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் தளத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களின் பதிவுகள் உள்ளன. அதன் படங்களை, மியூசியத்தின் பெயரைக் குறிப்பிட்டு, வியாபார நோக்கமில்லாமல் பயன்படுத்தலாம். பாரிஸ் நகர லூவர் மியூசியம் 2021-ல் தன் மொத்தச் சேகரிப்பையும் தளத்தில் ஏற்றியது. நாலே முக்கால் லட்சத்துக்கும் மேல். எதற்கும் கட்டணம் கிடையாது. பார்ப்பதற்கு மெம்பராகவும் வேண்டாம்.

மியூசியத்தின் பெயரோடு 'கலெக்ஷன்' என்ற சொல்லையும் சேர்த்து கூகுளில் ஆங்கிலத்தில் டைப் செய்தால் அதன் தேடல் பக்கம் முதல் இரண்டு மூன்று முடிவுகளுக்குள் வந்துவிடும். அந்தத் தேடல் கட்டத்தில் 'அரெட்டைன்' என ஆங்கிலத்தில் கொடுத்து என்டர் தட்டவும். இந்தப் பாண்டங்களுக்கு 'டெர்ரா சிகிலாட்டா' என்று இன்னொரு பெயரும் உண்டு. அதையும் கொடுத்துப் பார்க்கவும். மியூசியத் தேடல்கள் கூகுள் போல நம் மனதைப் படிப்பதில்லை. எழுத்து ஒன்று மாறினாலும் 'முடிவுகள் இல்லை' என்று கையை விரித்துவிடும். எனவே ஸ்பெல்லிங்கை ஒரு முறை சரிபார்த்துக் கொள்ளவும்.

முடிவுகளில் முழுக் கிண்ணங்கள் வரும். அடிப்பகுதியில் குயவரின் முத்திரை பதித்தவை வரும். வார்ப்பு அச்சுகள்கூட உண்டு. அந்தச் சிவப்பு நிறத்தை நிதானமாகப் பாருங்கள். இது நம் ஊர்ச் செங்கல் சிவப்பும் இல்லை, பூந்தொட்டிச் சிவப்பும் இல்லை. மிக நைசான களிமண் கரைசலில் முக்கிச் சுட்டதால் வந்த மினுக்கு. ஓரங்கள் எவ்வளவு மெல்லியவை என்பதையும் பாருங்கள். பத்துப் பதினைந்து கிண்ணங்கள் பார்த்தபின் கண்ணுக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிடும். அடுத்த முறை செயின்ட் லூயி வீதிக்குப் போகும்போது, அந்தப் பெட்டிகளில் இருப்பது உடைந்த சட்டியாகத் தெரியாது. வீட்டில் பார்த்த முழுக் கிண்ணத்தின் எந்தப் பகுதி இது, விளிம்பா அடியா என்று தேட ஆரம்பிப்பீர்கள்.

பெரிய படம் சட்டென்று திறப்பது எப்படி?

இந்தத் தளங்களில் படத்தின் மேல் கிளிக் செய்து மவுஸின் நடுச்சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகிக்கொண்டே போகும். மண்ணில் இருக்கும் மயிரிழைக் கீறல் வரை தெரியும். "இவ்வளவு பெரிய படத்தை டவுன்லோட் செய்ய நெட் டேட்டா முழுவதும் போய்விடாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கான பதில் சுவையானது.

ஒரு கணக்குப் போடுவோம். படம் அகலத்தில் 40,000 புள்ளிகள், உயரத்தில் 30,000 புள்ளிகள் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 120 கோடி பிக்ஸல்கள். ஒரு பிக்ஸலுக்கு 3 பைட் என்றால், சுருக்காத நிலையில் 360 கோடி பைட், அதாவது சுமார் மூன்றரை ஜிபி. ஆனால் உங்கள் மானிட்டரில் இருப்பதோ 1920க்கு 1080. மொத்தம் சுமார் 20 லட்சம் பிக்ஸல்கள்தான். ஒரே நேரத்தில் உங்களால் அதற்கு மேல் பார்க்கவே முடியாது.

எனவே பெரும்பாலான தளங்கள் படத்தை முன்கூட்டியே சிறு சதுரங்களாக வெட்டி வைத்துவிடுகின்றன. ஒரு சதுரம் 256க்கு 256 பிக்ஸல் என்பது பொதுவான அளவு. முழு அளவில் ஒரு செட், அதில் பாதி அளவில் ஒரு செட், அதிலும் பாதியில் இன்னொன்று என அடுக்கடுக்காக இருக்கும். நீங்கள் கிண்ணத்தின் வலது ஓரத்தைப் பெரிதாக்கினால், அந்த ஓரத்துக்கான சதுரங்கள் மட்டும் வந்து சேரும். ஏறக்குறைய 40, 50 சதுரங்கள் வந்தாலே ஸ்கிரீன் நிரம்பிவிடும். மீதி எல்லாம் அவர்கள் சர்வரிலேயே இருக்கும். வேகம் குறைந்த இணைப்பில் படம் முதலில் மங்கலாகத் தெரிந்து, பிறகு கட்டம் கட்டமாகத் தெளிவாவதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன செட் முதலில் வந்து, பெரிய செட்டின் சதுரங்கள் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். கூகுள் மேப்பில் நம் தெருவைத் தேடிப் போகும்போதும் அடிப்படையில் இதே தந்திரம்தான்.

கூகுள் 2011-ல் 'ஆர்ட் புராஜெக்ட்' என்ற பெயரில் 17 மியூசியங்களோடு ஒரு தளம் தொடங்கியது. இன்று அதன் பெயர் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர். அதில் மியூசியத்துக்குள் அம்புக் குறியைக் கிளிக் செய்து நடந்து போகும் வசதியும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் தலை சுற்றும். எந்தப் பொருளும் அருகில் வராது. நடப்பதற்கு நிஜ மியூசியம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒற்றைப் பொருளை உற்றுப் பார்ப்பதுதான் லாபம்.

மானிட்டர் சொல்லாதது

ஒரு விஷயத்தில் மானிட்டர் நம்மை நன்றாக ஏமாற்றும். உள்ளங்கை அளவுக் கிண்ணமும் ஆள் உயர நடராஜரும் ஸ்கிரீனில் ஒரே அளவில்தான் வந்து நிற்பார்கள். அதனால் பொருளின் பக்கத்தில் அளவுகள் தரப்பட்டிருக்கும் வரியை அவசியம் படிக்கவும். நான் செய்வது சின்னப் பிள்ளைத்தனமான வேலை. விட்டம் 17 சென்டிமீட்டர் என்றிருந்தால், பழைய நியூஸ் பேப்பரில் அந்த அளவுக்கு ஒரு வட்டம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பேன். உடனே அது சோறு சாப்பிடும் தட்டா, ஊறுகாய்க் கிண்ணமா என்று புரிந்துவிடும்.

ஓட்டின் தடிமன், முறிந்த இடத்தில் தெரியும் மண்ணின் நிறம், வெளிச்சம் பட்டால் வரும் மினுக்கு ஆகியவற்றை நேரில் பார்த்தால்தான் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். லூவர் போல, நம் ஊர் மியூசியத்தின் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணும் அளவும் படமும் தரும் தேடல் பக்கம் எதுவும் என் தேடலில் அகப்பட்டதில்லை. பாரிஸில் இருக்கும் கிண்ணத்தை முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து பார்க்கலாம். அரிக்கமேட்டு ஓட்டைப் பார்க்க செயின்ட் லூயி வீதிக்குத்தான் போக வேண்டும். அரிக்கமேட்டுக்கே போய்ப் பார்க்கலாமே என்றால், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இன்று நிற்பது மிகக் குறைவு. ஆறு அரித்துக்கொண்டு போனது ஒரு பங்கு. செங்கல்லுக்காகவும் மணிக்காகவும் ஆட்கள் தோண்டியது ஒரு பங்கு. அங்கு வாழ்ந்தவர்கள் பயன்படுத்திய பொருள் என்று நம் கண்ணில் படக்கூடியது பெரும்பாலும் மியூசியப் பெட்டிகளில்தான் இருக்கிறது.

தேதி போட்ட பைல், தேதி போடாத பைல்

வீலர் ஏன் அந்தச் சிவப்பு ஓடுகளுக்காக அவ்வளவு பரபரத்தார்? ரோமானியச் சரக்கு கிடைத்த பெருமைக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு தேதி.

நம் போல்டர் ஒன்றில் நூறு பைல்கள் இருக்கின்றன. எதிலும் தேதி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எது முந்தியது என்று எப்படிச் சொல்வது? ஒரே ஒரு பைலில் தேதி இருந்து, அதனோடு சேர்ந்து உருவானவை எவை என்று தெரிந்தால், மற்றவற்றின் காலத்தையும் தோராயமாகச் சொல்லிவிடலாம். தென்னிந்திய மண்பாண்டங்களின் நிலைமை 1945-ல் அப்படித்தான் இருந்தது. அரெட்டைன் பாண்டங்கள் எப்போது தயாராயின என்பது ஐரோப்பாவில் நன்றாகத் தெரிந்த விஷயம். எனவே அதே மண் அடுக்கில் கிடைக்கும் நம் ஊர்ப் பாண்டத்துக்கும் காலம் சொல்லலாம். வீலர் 1945-ல் அரிக்கமேட்டில் தோண்டினார். அரெட்டைன் ஓடுகளோடு, உள்பக்கம் வட்ட வட்டமாகப் புள்ளிக் கோடுகள் உருட்டிய கருஞ்சாம்பல் நிறத் தட்டுகளும் கிடைத்தன. 'ரூலெட்டட்' பாண்டம் என்று இவற்றுக்குப் பெயர். இதே தட்டு இந்தியாவில் வேறு பல ஊர்களிலும் கிடைத்திருந்ததால், அந்த ஊர்களுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டி ஒரு காலம் குறிக்க முடிந்தது. 1946-ல் அறிக்கை வெளியானது. அடுத்து 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசால் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் தோண்டினார்.

கதை இதோடு முடியவில்லை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற தொல்லியல் அறிஞர் அங்கு மீண்டும் அகழாய்வு நடத்தினார். அந்தப் புள்ளிக் கோட்டுத் தட்டுகள் வீலர் சொன்ன காலத்துக்கும் முந்தியவை, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அரிக்கமேடு இயங்கிக் கொண்டிருந்தது என்று அவர் வாதிட்டார். ரோமானியர் வந்து அமைத்த வணிகத் தளம் என்று பேசப்பட்ட இடம், ஏற்கெனவே கடல் வணிகம் நடந்த நம் ஊர் ஒன்றுக்கு வெளிநாட்டுச் சரக்கும் வந்து சேர்ந்தது என்று ஆகிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தட்டு அசையவே இல்லை. ஆனால் அது சொல்லும் செய்தி மாறிவிட்டது. தமிழ் பிராமி எழுத்துகள் கீறிய ஓடுகளும் அங்கு கிடைத்தன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். என் இரண்டாவது வருகை முழுக்க அந்தக் கருஞ்சாம்பல் தட்டுகளுக்கு மட்டும்தான். முதல் முறை அவற்றை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிவப்பு ஓடுகளைப் பார்க்கத்தானே போனேன்!

ஒரு வருகைக்கு ஒரு பெட்டி

ஆகவே ஒரு முறை போனால் ஒரு பெட்டி போதும். அரை மணி நேரம் அதன் முன் நில்லுங்கள். நுழைவுக் கட்டணம் சிறிய தொகைதான். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் தேவையில்லை. திங்கட்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். வெளியூர்களிலிருந்து வருபவர்கள் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்பவும். போட்டோ எடுக்கலாமா என்பதை வாசலிலேயே கேட்டுவிடுங்கள். அனுமதித்தாலும் பிளாஷ் வேண்டாம். கண்ணாடியில் பட்டுத் திரும்பி வெள்ளைப் பொட்டாகத்தான் விழும். பொருளை எடுக்கும் முன் அதன் விளக்க அட்டையை ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் எது என்ன என்ற குழப்பம் வராது.

போட்டோக்களை போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது வாட்ஸ்அப் மூலம் அனுப்ப வேண்டாம். அது படத்தைச் சுருக்கிவிடும்; எடுத்த தேதி போன்ற தகவல்களும் போய்விடும். யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் கேட்கும்போது 'பைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பின்னர் கம்ப்யூட்டரில் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து காப்பி செய்திடவும். போட்டோவின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'டீட்டெய்ல்ஸ்' டேப் எனச் சென்றால் எடுத்த தேதியும் நேரமும் இருக்கும்.

போல்டருக்குப் பெயர் தரும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் எல்லாம் தானாகவே கால வரிசையில் அடுக்கப்படும். நாளை முதலில் போட்டால் எல்லா ஆண்டின் ஒன்றாம் தேதிகளும் ஒன்றாக நின்று குழப்பும். போல்டருக்குள் நோட்பேடில் ஒரு குறிப்பு பைலும் வைத்திருங்கள். அதில் எப்5 கீயை அழுத்தினால் அன்றைய தேதியும் நேரமும் தானாக விழும். அதன் கீழ் பார்த்ததைத் தமிழிலேயே எழுதலாம். சேவ் செய்யும்போது கீழே 'என்கோடிங்' என்ற இடத்தில் யுடிஎப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். புதிய விண்டோஸ் தொகுப்புகளில் அதுவே இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் 'அன்சி' என்று இருந்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக் குறிகளாக மாறிவிடும். வெளிநாட்டு மியூசியத் தளத்திலிருந்து இறக்கிய படத்தையும் அதே போல்டரில் போடுங்கள். பைலின் பெயரில் மியூசியத்தின் பெயரையும் பொருளின் பதிவு எண்ணையும் சேர்த்துவிடவும். அந்த எண்ணைத் தளத்தில் கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் அதே பக்கத்துக்குத் திரும்பப் போகலாம்.

பிரிந்து கிடப்பதைச் சேர்த்துப் பார்க்க

இதே முறை சென்னையிலும் பலன் தரும். 1851-ல் தொடங்கிய எழும்பூர் மியூசியத்தில் அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கின்றன. கிருஷ்ணா நதிக்கரையில் ஒரே ஸ்தூபியைச் சுற்றி நின்ற கற்கள், 19-ஆம் நூற்றாண்டில் பிரிந்து போயின. ஒரு பெரும் பகுதி எழும்பூரிலும், நூற்றுக்கும் மேற்பட்டவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் உள்ளன. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? காலையில் எழும்பூர், இரவு வீட்டில் பிரிட்டிஷ் மியூசியத் தளம் என்றால் உங்களாலும் முடியும். லண்டனில் இருக்கும் பலகைச் சிற்பம் ஒன்றில் முழு ஸ்தூபியின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டால், எழும்பூரில் பார்த்த கல் ஸ்தூபியில் எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று ஊகிக்கலாம்.

செயின்ட் லூயி வீதிக்கே திரும்புவோம். அதே தெருவில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இது மியூசியம் இல்லை, ஆராய்ச்சி செய்பவர்களுக்கான இடம். ஆனால் இங்கு 8,000-க்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகள் உள்ளன. பெரும்பாலானவை சைவ ஆகமங்கள் சார்ந்தவை. இதையும் பிரெஞ்சு தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி மையத்தில் இருப்பதையும் சேர்த்து, சுமார் 11,000 சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் தன் 'உலக நினைவகப்' பதிவேட்டில் சேர்த்தது. இவற்றில் பலவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தே ஓலை ஓலையாகப் புரட்டலாம். கிரந்த எழுத்து படிக்க வராவிட்டாலும், எழுத்தாணி கீறிய விதமும் பூச்சி அரித்த ஓட்டைகளும் தெரியும்.

நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் ஓலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. இற்றுப் போவதற்குள் யாராவது புது ஓலையில் பார்த்து எழுதினால் நூல் தப்பிக்கும். எழுத ஆளில்லை என்றால் அந்த நூல் அதோடு சரி. நாம் 'பேக் அப்' என்று சொல்வதைத்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு ஓலையின் ஆயுளில் பத்தில் ஒரு பங்குகூட எதிர்பார்க்க முடியாது. எனவே உங்கள் மியூசியப் போல்டரையும் (வீட்டுப் போட்டோக்களையும்தான்) வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஒரு காப்பி, கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஒரு காப்பி எனப் போட்டு வையுங்கள்.

நடக்கும் தூரத்தில் ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடும், பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் வீடும் நினைவில்லங்களாக உள்ளன. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். போவதற்கு முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவருடைய நூல்களின் பழைய பதிப்பு எதையாவது திறந்து பத்துப் பக்கம் படித்துவிட்டுச் செல்லுங்கள். சுவரில் இருக்கும் போட்டோக்களை வேறு விதமாகப் பார்ப்பீர்கள்.

அடுத்த முறைக்கு நான் எடுத்து வைத்திருப்பது அரிக்கமேட்டு மணிகள். சில மில்லிமீட்டர் அளவே இருக்கும் கண்ணாடி மணிகள் அவை; சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று பல நிறம். உருகிய கண்ணாடியை உள்ளே துளையோடு நீண்ட குழலாக இழுத்து, குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனைகளை மழுங்கச் செய்வார்கள். இந்த வகை மணிகள் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை கிடைத்திருக்கின்றன. மணிகளையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர், அரிக்கமேட்டை இவற்றின் முக்கியமான தயாரிப்பு இடமாகக் கருதினார். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இதே இழுப்பு முறையில் கைவினைஞர்கள் மணி செய்வதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். நீங்கள் பார்க்கப் போகும்போது மணியின் பக்கவாட்டில் மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவா என்று தேடுங்கள். அவை துளைக்கு இணையாக ஓடினால் மணி இழுத்துச் செய்தது, சுற்றிச் சுற்றி ஓடினால் கம்பியில் சுற்றிச் செய்தது. ஒரு சின்ன பூதக்கண்ணாடி சட்டைப் பையில் இருக்கட்டும்.